மூணு கேள்வியும் ஒரு பெரிய வால்வும்

பொள்ளாச்சிக்கும் பாலக்காட்டுக்கும் நடுவே, வருகிற வாடிக்கையைத் திருப்பி அனுப்புவதற்கென்றே கடை திறந்து வைத்திருந்த ஒரே மனிதர், நாங்கள் 'மூணு கேள்வி' என்று பெயர் வைத்திருந்தவர்தான். இதை எந்தச் சபையிலும் அடித்துச் சொல்வேன். மற்ற கடைக்காரர்கள் "வாங்க, வாங்க" என்பார்கள். இவர் "எதுக்குங்க வந்தீங்க?" என்பார். அதில் கோபம் இருக்காது. நிஜமாகவே தெரிந்துகொள்ள வேண்டும் என்கிற ஆவல்தான் இருக்கும்.

கோபாலபுரம் செக்போஸ்ட்டைத் தாண்டிக் கேரளப் பக்கம் கொஞ்ச தூரம் நடந்தால் புளியமரத்தடியில் தகரக் கூரை போட்ட அவருடைய ரேடியோ ரிப்பேர் கடை. எழுபதுகளின் தொடக்கம் அது. டிரான்சிஸ்டர் வந்துவிட்டிருந்தாலும், வசதியான தோட்டத்து வீடுகளில் பெரிய மரப்பெட்டி வால்வு ரேடியோதான் ராஜா. வால்வு என்பது அடியில் கால்கள் முளைத்த ஒரு கண்ணாடிக் குமிழ். ரேடியோவுக்குள் நாலைந்து நிற்கும். அவை சூடேறினால்தான் பாட்டு வரும். ஒன்று போனால் அந்த ரேடியோவுக்கு ஒத்துப்போகிற இன்னொன்றைத் தேடிப் பிடித்துப் போட வேண்டும்.

அதைத் தேடிக்கொண்டு போனால் மூணு கேள்வி மூன்று கேள்வி கேட்பார். "செட்டு என்ன மேக்குங்க, எந்த வருசத்துது?" "இப்ப இருக்கற வால்வு மேல என்ன நம்பர் போட்டிருக்குதுங்க?" இரண்டையும் தப்பித்து வந்தவர்கள் மூன்றாவதில் விழுவார்கள். "எதுக்குங்க மாத்தோணும்?" பதில் தெரியாதவர்களுக்கு வால்வு கிடையாது. ஊரில் அவருக்கு ஒரு பெயர் இருந்திருக்க வேண்டும். ரேஷன் கார்டில்கூட எழுதியிருப்பார்கள். எங்களுக்கு அது தேவைப்படவே இல்லை.

போன மாதம் என் பழைய கம்ப்யூட்டருக்கு மெமரி கூட்டலாம் என்று கோயம்புத்தூரில் ஒரு கடைக்குப் போனேன். கல்லாவில் இருந்த பெண், "உள்ளே என்ன போர்டுங்க சார்? இப்ப என்ன மெமரி இருக்கு? எதுக்குக் கூட்டறீங்க?" என்று கேட்டாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. அந்தப் பெண் பயந்துபோய் ஃபேனை என் பக்கம் திருப்பி வைத்தாள்.

கதைக்கு வருகிறேன். ஒருநாள் கள்ளுக் காண்ட்ராக்டர் ஒருவர் காரில் வந்து இறங்கினார். ஊரே எழுந்து நிற்கிற ஆள். மூணு கேள்வி இடத்தை விட்டு எழவில்லை, தன் கேள்விகளைக் கேட்டார். காண்ட்ராக்டருக்கு முகம் சிவந்துவிட்டது.

"ஏனப்பா, எங்கிட்டயே கேள்வி கேக்கறயா? இருக்கறதுலயே நல்ல வால்வா ஒண்ணு குடு, போதும்."

"நல்ல வால்வுன்னு ஒண்ணு கெடையாதுங்க. உங்க செட்டுக்கு ஆகற வால்வு, ஆகாத வால்வு. அவ்வளவுதானுங்க."

கார் திரும்பிப் போயிற்று. மறுநாள் அதே கார் வந்தது. பின் ஸீட்டில் ரேடியோவும் முன் ஸீட்டில் காண்ட்ராக்டருமாக. மூணு கேள்வி ரேடியோவைத்தான் முதலில் நலம் விசாரித்தார்.

தன்னிடம் இல்லாத வால்வு என்றால் அந்த ரேடியோவையே தூக்கிக்கொண்டு கோயம்புத்தூருக்கு பஸ் ஏறுவார். போட்டுப் பாடவிட்டுப் பார்க்காமல் எந்த வால்வையும் வாங்க மாட்டார். கண்டக்டர், "பெட்டியத் தூக்கி மேல போடுங்க" என்றால், "நீங்க மேல ஏறிக்குங்க, அது இங்க உக்காரட்டும்" என்பார். அதற்கு ஒரு டிக்கெட்டும் எடுப்பார். ஜன்னலோரம்தான் வேண்டும். கூடையோடு ஏறிய ஒரு அம்மாள், "சித்தெ நகத்தி வெய்யுங்க சாமி, ஒக்காரோணும்" என்று கேட்டதற்கு, "அதுக்குக் காத்து வேணுமுங்க" என்று சொல்லிவிட்டுத் தன் இடத்தை அந்த அம்மாளுக்குக் கொடுத்துப் பொள்ளாச்சி வரை நின்றுகொண்டே போனார்.

செக்போஸ்ட்டில் புதிதாக வந்த மலையாளப் போலீஸ்காரர் ஒருவர் அவரை நிறுத்தி, பெட்டியைத் தட்டி, "இதினகத்து எந்தாடோ?" என்று கேட்டுவிட்டார். அவருக்கு விதி. மூணு கேள்வி பெட்டியைத் தரையில் வைத்து, பின்பலகையைக் கழற்றி, உள்ளே என்ன இருக்கிறது என்பதை ஒவ்வொன்றாகச் சொல்ல ஆரம்பித்தார். இந்தப் பக்கம் வைக்கோல் லாரி, அந்தப் பக்கம் தேங்காய் லாரி, இரண்டு மாநிலமும் ஹாரன் அடித்தன. மூன்றாவது வால்வுக்கு வரும்போது போலீஸ்காரர் போதும் என்று கையெடுத்துக் கும்பிட்டு, "மதி, மதி, போயிக்கோ" என்றார். பிறகு மூணு கேள்வியைப் பார்த்தாலே கம்பத்தைத் தூக்கிவிடுவார்கள்.

இப்படிப்பட்ட மனிதரிடம் நான் மாட்டிக்கொண்டது என் தலை ஆடிக்கு.

எனக்குப் பொள்ளாச்சியில் பஞ்சாலைக் குமாஸ்தா உத்தியோகம். பெண் எடுத்தது கோபாலபுரத்துக்கு அந்தப் பக்கம், தோட்டம் துரவு உள்ள குடும்பத்தில். என் மனைவி தெய்வானையும் மாமியாரும் விரும்பி நடந்த கல்யாணம். மாமனாருக்கு மட்டும் மனசில்லை. ஏர் பூட்டத் தெரிந்த, மோட்டார் கழற்றத் தெரிந்த மாப்பிள்ளை அவருக்கு வேண்டியிருந்தது. என்னை மாப்பிள்ளை என்று அவர் கூப்பிட்டதே கிடையாது. "அந்தப் பேனாக்காரருக்குச் சோறு போட்டாச்சா?" என்றுதான் உள்ளே கேட்பார்.

அவருக்கு உயிர் அந்த வீட்டு ரேடியோ. கடலைக்காய் நன்றாக விளைந்த ஒரு வருஷம் வாங்கியது. முகப்பில் பச்சைக் கண் ஒன்று உண்டு. ஸ்டேஷன் சரியாகப் பிடித்தால் கண் சுருங்கும். திருச்சி, இலங்கை, மாநிலச் செய்தி எல்லாவற்றையும் அவரே திருப்புவார். வேறு ஒருவரும் குமிழைத் தொடக்கூடாது.

ஆடி அழைப்புக்குப் போன இரண்டாம் நாள் அவர் உறவுக்காரர்களோடு மொட்டை போடப் பழனிக்குப் புறப்பட்டார். அதிலிருந்து நாலாம் நாள் திரும்புவார். அன்றைக்கென்று மாமியார், "பாட்டுச் சத்தம் கட்டுத்தறி வரைக்கும் வர மாட்டீங்குது" என்று குறைப்பட்டுக்கொண்டார். எனக்குள் இருந்த எஞ்சினியர் விழித்துக்கொண்டான். சத்தம் கூட்டும் வால்வைப் பெரிதாக மாற்றிவிட்டால் மாமனார் வந்து கேட்டு அசந்துபோவார், பேனாக்காரர் பட்டம் ஒழியும் என்று கணக்குப் போட்டேன்.

மூணு கேள்வி கடைக்குப் போனேன். முதல் கேள்விக்குத் திணறினேன். இரண்டாவதற்கு விழித்தேன். மூன்றாவதற்கு, "சத்தம் இன்னும் பெருசா வரோணும்" என்றேன்.

"மாடு கேக்கறதுக்குங்களா?"

இவருக்கு எப்படித் தெரிந்தது என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை. "அந்த செட்டு அளவுக்குத்தானுங்க பாடும். போய்ட்டு வாங்க மாப்ள" என்று அனுப்பிவிட்டார்.

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. நேராகப் பொள்ளாச்சி. அங்கே ஒரு கடைக்காரர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "கால் எட்டுங்களா? அப்ப உக்காந்துக்கும். இது அதுக்கு அண்ணன். சத்தம் ரெட்டிப்பு." நான் பெருமிதத்தோடு திரும்பினேன்.

ரேடியோவின் பின்பலகையைக் கழற்றினேன். உட்புறத்தில் பென்சிலால், அழகான கையெழுத்தில் எழுதியிருந்தது: "இந்தக் குழியில் இந்த நம்பர் மட்டும். பெரிசு போட வேண்டாம். டிரான்ஸ்பார்மர் தாங்காது." நம்பரும் இருந்தது. படித்தேன். முழுசாகப் படித்தேன். படித்துவிட்டுப் பெரிசைப் போட்டேன். அழுத்தியதும் கச்சிதமாக உட்கார்ந்தது. உட்கார்ந்தால் சரிதானே என்றுதான் அன்றைக்கு நினைத்தேன்.

பாடியது பாருங்கள்! கட்டுத்தறியில் மாடுகள் தலையைத் தூக்கின. மாமியார் சாணிக் கையோடு ஓடி வந்து, "என்ற சாமி!" என்று எனக்குத் திருஷ்டி கழித்தார். தெய்வானை என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அதற்காக இன்னும் நாலு ரேடியோவைக் கெடுக்கலாம். அரைமணி நேரம் நான்தான் அந்த வீட்டுக்கு ராஜா.

"ஏனுங்க, அடுப்புல ஒண்ணுமில்ல. என்னமோ கருகற வாசம் வருதே?" என்றாள் தெய்வானை.

பெட்டிக்கு அடியிலிருந்து தார் மாதிரி ஏதோ ஒழுகிக்கொண்டிருந்தது. புகை வந்தது. பச்சைக் கண் ஒருமுறை விரிந்தது, அணைந்தது. பழைய வால்வைத் திருப்பிப் போட்டுப் பார்த்தேன். கண் திறக்கவே இல்லை.

தெய்வானை அழவில்லை. அதுதான் பயமாக இருந்தது. "எங்க ஐயன் வர்றதுக்குள்ள இது பாடோணும். இல்லாட்டி ஆயுசுக்கும் உங்கள இந்த ஊட்டுல ஒரு மனுசனா மதிக்க மாட்டாங்க. நானும் எந்த மூஞ்சிய வெச்சுட்டு இங்க வருவேன்?" என்றாள்.

வண்டியில் வைக்கோல் பரப்பி, ரேடியோவை ஏற்றி, மூணு கேள்வி முன்னால் போய் நின்றேன். அவர் கேள்வியே கேட்கவில்லை. குனிந்து முகர்ந்து பார்த்தார்.

"பொள்ளாச்சி வால்வு. பெரிசு. அரைமணி நேரம் ஜோராப் பாடியிருக்குமே?"

தலையை ஆட்டினேன்.

"உள்ள பென்சில்ல எழுதியிருந்தனுங்களே, பாத்தீங்களா?"

"பாத்தேனுங்க."

"எழுத்துத் தெளிவா இருந்துச்சுங்களா?"

"இருந்துச்சுங்க."

"அப்பச் செரி. எம் மேல தப்பில்ல." நிம்மதியாக மூச்சு விட்டார். பிறகு அந்தப் பொள்ளாச்சிக் கடைக்காரர் சொல்லாததை எனக்குச் சொன்னார். "காலு ஒத்துப்போனாப் பத்தாதுங்க. வால்வு குடிக்கற கரண்டு செட்டு குடுக்கற கரண்டுக்கு ஒத்துப்போகோணும். நீங்க போட்டது ரெண்டு ஆளு சாப்பாடு சாப்பிடற ஆளு. பாவம், பழைய டிரான்ஸ்பார்மரு ஆக்கிப்போட்டே செத்துப்போச்சு."

டிரான்ஸ்பார்மரைப் பிரித்துப் புதுக் கம்பி சுற்றித் தருவதாக ஒப்புக்கொண்டார். ஆனால் ஒன்று சொன்னார்: "பெரியவர் கேட்டா உள்ளதச் சொல்லிப்போடுவனுங்க. செட்டு விசயத்துல என்ற வாயில பொய் வராது." ஆனாலும் வேறு போக்கிடம் இல்லை.

இரண்டு நாள் சுற்றினார். தலைமுடி போன்ற செப்புக் கம்பியை ஒவ்வொரு சுற்றாக எண்ணிச் சுற்ற வேண்டும். முதல் நாள் மதியம் நான் எட்டிப் பார்த்து, "எந்த அளவுல இருக்குதுங்க?" என்று கேட்டேன். அவர் கை நின்றது. என்னை நிமிர்ந்து பார்த்தார். எண்ணிக்கை போய்விட்டது. சுற்றியதையெல்லாம் பிரித்து, ஒன்றிலிருந்து ஆரம்பித்தார். அதற்கப்புறம் நான் சாலையில் போய் நின்று, வருகிற லாரிகளையெல்லாம் ஹாரன் அடிக்காமல் போகச் சொல்லிக் கை காட்டிக்கொண்டிருந்தேன். டிரைவர்கள் என்னைப் பைத்தியம் என்று நினைத்தார்கள்.

நாலாம் நாள் காலையில் ரேடியோவோடு அவரும் வண்டியில் வந்தார். பழைய வால்வைப் போட்டார். பச்சைக் கண் திறந்தது. பாட்டு வந்தது. தெய்வானைக்கும் அப்போதுதான் அழுகை வந்தது. மாமியார் அவருக்கு மோர் கொண்டுவந்து கொடுத்த நேரத்தில், மொட்டைத் தலையில் சந்தனத்தோடு மாமனார் உள்ளே நுழைந்தார்.

செருப்பைக் கழற்றியவர் அப்படியே நின்றார். காதைச் சாய்த்தார். புதுக் கம்பிக்கே உரிய ஒரு மெல்லிய ரீங்காரம் பாட்டுக்குப் பின்னால் கேட்டுக்கொண்டிருந்தது. எனக்கு இரண்டு நாள் சொன்னாலும் அது கேட்டிருக்காது.

"இது என்ற செட்டுச் சத்தம் இல்லியே. ஆரு கை வெச்சது?"

மாமியார் சமையல்கட்டுக்குள் மறைந்தார். தெய்வானை என் பின்னால் வந்து நின்றாள். மூணு கேள்வி மோர் டம்ளரைக் கீழே வைத்தார். முடிந்தது என்று நினைத்தேன்.

"நானுங்க" என்றார் அவர்.

"நீங்களா?"

"பெரிய வால்வு போட்டாச் சத்தம் சாஸ்தி வருமான்னு ஒரு ஆசைங்க. போட்டேன். டிரான்ஸ்பார்மரு போயிருச்சு. புதுசாச் சுத்திக் குடுத்துட்டேனுங்க."

மாமனார் அவரை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு வயிறு குலுங்கச் சிரித்தார். "ஊரையே கேள்வி கேட்டுத் தொரத்தறீங்க. உங்கள ஆருங்க கேக்கறது?" என்றார். அப்புறம் என் பக்கம் திரும்பி, "பாத்தீங்களா மாப்ள, எத்தன பெரிய கெட்டிக்காரரு இப்படிப் பண்ணிப்போட்டாரு. நீங்க இந்த மாதிரி வேலைக்கெல்லாம் போகாம இருக்கறதே மேலு" என்றார். முதல் முறையாக மாப்பிள்ளை என்று கூப்பிட்டார். அதைக் கேட்டு எனக்குச் சந்தோஷம் வரவில்லை. வெட்கத்தில் உடம்பு கூசிப்போயிற்று.

வண்டியில் அவரைத் திருப்பிக் கொண்டுவிடும்போது கேட்டேன். "ஏனுங்க, பொய் சொல்ல மாட்டேன்னீங்க?"

"செட்டுக்கு வேற வால்வு தேடலாமுங்க. அந்தப் புள்ளைக்கு வேற மாப்பிள்ளைய நான் எங்கீங்க போய்த் தேடறது?" என்றார்.

மாமனார் விஷயத்தை வயிற்றில் வைத்துக்கொள்கிற ஆள் இல்லை. ஒரே வாரத்தில் டீக்கடை, சந்தை, செக்போஸ்ட் எங்கும் பரவிவிட்டது. அதற்குப் பிறகு மூணு கேள்வி முதல் கேள்வியைக் கேட்கும்போதே, "மொதல்ல நீங்க சொல்லுங்க, பெரியவர் செட்டுல என்ன வால்வு போட்டீங்க?" என்று திருப்பிக் கேட்டுச் சிரித்தார்கள். கள்ளுக் காண்ட்ராக்டரே காரை நிறுத்திக் கேட்டுவிட்டுப் போனார். மூணு கேள்வி வால்வின் கண்ணாடியைத் துணியால் துடைத்துக்கொண்டிருப்பார். கூட்டம் சிரித்து முடித்ததும் அடுத்த கேள்வியைக் கேட்பார். பல வருஷம் இப்படியே போயிற்று. நான் அந்த வழியாகப் பஸ்ஸில் போகும்போதெல்லாம் மறுபக்கம் பார்த்துக்கொண்டு போனேன். மாமனார் இருக்கும்வரை வாயைத் திறக்க எனக்குத் தைரியம் வரவில்லை. அவர் போன பிறகு கடையைத் தேடிப் போனால், மூணு கேள்வியும் போய்விட்டிருந்தார்.

கோபாலபுரத்துப் பக்கம் இதைப் படிக்கிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். டீக்கடையில் நாலு பேர் இருக்கும்போது கொஞ்சம் சத்தமாகவே சொல்லுங்கள். அந்தப் பெரிய வால்வைப் போட்டது நான். மூணு கேள்வி தன் ஆயுளில் ஒரு வால்வைக்கூடத் தப்பாகப் போட்டவர் இல்லை.