மேற்கே போகிற ரயிலில் பொழுது எப்போது சாயும்?

அருகன் துணை

ஆரணி,
வைகாசி 4

அன்பு மைத்துனன் சிரஞ்சீவி ரிஷபுக்கு,

உன் மாமா அனந்தராஜ் ஆசீர்வதித்து எழுதுவது. இங்கு நான் நலம். உன் அக்கா ஜெயவதியும், என்னோடு பேசுவதில்லை என்பது தவிர, பரம சௌக்கியம். பெங்களூரில் நீ கட்டியிருக்கும் வீட்டின் கிரகப்பிரவேசப் பத்திரிகை வந்து சேர்ந்தது. இதைப் போனிலேயே பேசலாமே என்பாய். போனை எடுத்தால் ஸ்பீக்கரில் போடச் சொல்லி உன் அக்கா சைகை காட்டுகிறாள். இது நமக்குள் மட்டும்.

உன் வீட்டுக்கு வந்தே பாரத்தில்தான் வருவேன் என்று உன் அக்கா சொல்லிவிட்டாள். நியாயம்தான். முப்பத்தோரு வருஷம் புவியியல் வாத்தியாரா இருந்து ஊர்ப் பிள்ளைங்களையெல்லாம் ரயில்ல சுற்றுலா கூட்டிக்கினு போனேன். கட்டினவளை ஒரு தடவைகூட ஜன்னலோரம் உட்கார வெச்சு கூட்டிக்கினு போனதில்லை. எனக்கே உறுத்துது. அதனால இந்த டிக்கெட்டை நானே பார்த்துப் பார்த்து எடுக்கறதுன்னு முடிவு பண்ணேன். பேஜாரே அங்கதான் ஆரம்பம்.

சாயங்கால வண்டி காட்பாடிக்கு ஆறேகாலுக்கு வருது. பொழுது சாயறது ஆறு முப்பத்திரண்டு. ஜைனனாப் பொறந்துட்டு பொழுது சாஞ்சப்புறம் சாப்பிட முடியுமா? பதினேழு நிமிஷத்துல தட்டு வருமா வராதா? அப்பதான் எனக்குப் பொறி தட்டிச்சு. வண்டியும் மேற்கே போவுது, சூரியனும் மேற்கே போவுது. தீர்க்கரேகையில அரை டிகிரிக்கு ரெண்டு நிமிஷம். ஜோலார்பேட்டை வரைக்கும் போனா சூரியன் நமக்காக ரெண்டு நிமிஷம் காத்திருக்கும்! இதை பிரவுசிங் சென்டர்ல தேவிப்ரியாங்கற பொண்ணுகிட்ட விளக்கிக்கினு இருக்கேன், அது "சார், ஜல்தி சொல்லுங்க சார், சேர் காரா எக்சிகியூட்டிவா, சாப்பாடு வேணுமா வேணாமா, நாப்பத்தோரு சீட்டுதான் இருக்குது"ன்னுது. சூரியன் எந்தப் பக்க ஜன்னல்ல தெரியும், தெரிஞ்சாத்தானே அது மறையறப்போ வாயை நிறுத்தலாம்னு கேட்டேன். அதுக்குத் தெரியலை. வீட்டுக்கு ஓடி அட்லஸ் எடுத்துக்கினு போனா சாப்பாட்டு நேரம்னு மூடிட்டாங்க. மறுநாள் பொழுது சாயறதைப் பார்க்க மொட்டை மாடியில வாட்சோட நின்னேன், மேகம். அதுக்கடுத்த நாள் பஸ் ஏறி காட்பாடிக்கே போயிட்டேன். வண்டி நிமிஷம் பிசகாம வந்துது. உள்ளே யார் மடியிலயாவது தட்டு இருக்குதான்னு எட்டிப் பார்க்கறதுக்குள்ள கதவு மூடிக்கிச்சு. திரும்பி வந்து பார்த்தா சீட்டு ஒன்பது.

"சாப்பாடு வேணாம்னு போடுங்க, இட்லி கட்டிக்கினு வரேன், ஸ்டேஷன்லயே சாப்பிட்டு ஏறலாங்க"ன்னா உன் அக்கா. அதெப்படி? அவ மடியில அந்தத் தட்டு வரணும்டா! அவ கேட்கலை, எனக்குத்தான் ஆசை. "அப்படின்னா நீங்க சூரியனோடவே போயிட்டு வாங்க"ன்னுட்டு உள்ளே போனவதான், நாலு நாளா பேச்சில்லை.

நாளைக்கு எப்படியும் எடுத்துடுவேன். நீ அங்க யாரையாவது விசாரிச்சு, காட்பாடி தாண்டி எத்தனையாவது நிமிஷம் தட்டு வருதுன்னு எழுது.

உன் சம்சாரத்துக்குத் தனசேகரன் தறியில நெய்த பட்டு தயார். கலர் சொல்லக் கூடாதுன்னு உன் அக்கா உத்தரவு. மாம்பழக் கலர். புது வீட்டில் நீங்கள் சகல சம்பத்தோடும் நீடூழி வாழ ஆசீர்வாதம்.

உன் மாமா,
அனந்தராஜ்

பி.கு.: கவரை ஒட்டறதுக்குள்ள உன் அக்கா கடிதத்தைப் படிச்சுட்டா. நாலு நாளுக்கப்புறம் வாயைத் திறந்து, "காலையில ஒரு வண்டி இருக்குதுங்க"ன்னா. எதிர்வீட்டு திலகவதியோட போனை வாங்கி, முந்தாநாளே தனக்கு டிக்கெட் எடுத்துட்டாளாம். ஜன்னலோரம், சாப்பாட்டோட. காலை வண்டியிலயும் அந்த ஒரு சீட்டுதான் மிச்சம் இருந்துதாம். எனக்கு எடுத்தது வெயிட்டிங் லிஸ்ட் பதினாலு. கன்பர்ம் ஆகலைன்னா முந்தின நாளே பஸ் ஏறி வந்து, பெங்களூர் ஸ்டேஷன்ல அவளுக்காக நானே நிக்கறேன். ஜன்னல்ல என்ன பார்த்தா, தட்டுல என்ன வந்துதுன்னு அவ முதல்ல என்கிட்டதான் சொல்லணும். நீ ஸ்டேஷனுக்கு வராதே.