வெயில் காலத்தில் வாங்கிய கம்பளிக் கோட்டு

அன்பு மச்சானுக்கு,

அத்தான் எழுதுவது. இங்கு நானும் உங்கள் அக்காவும் உயிரோடு இருக்கிறோம். அங்கு நீங்களும் தங்கச்சியும் பிள்ளைகளும் நலமாகவே இருப்பீர்கள். மற்றவர்களுக்கு யோசனை சொல்பவர்களின் உடம்புக்கு எந்தக் காலத்திலும் ஒன்றும் வந்ததில்லை. ஒரே ஊரில் இருந்துகொண்டு கடிதம் எதற்கு என்று கேட்பீர்கள். போன் செய்தால் ‘மீட்டிங்கில் இருக்கிறேன்’ என்கிறீர்கள். கடிதத்தை மீட்டிங்கில் வைத்தும் படிக்கலாம். யாரோ பெரிய மனிதர் எழுதியிருக்கிறார் என்று பக்கத்தில் இருப்பவர்கள் நினைத்துக்கொள்வார்கள்.

விஷயம் உங்கள் அக்காவின் கோட்டைப் பற்றியது. என் மகளுக்கு இது தலைப்பிரசவம், நமக்குக் குளிர் அடிக்கும் மாதத்தில். வெளிநாட்டுக்குக் குடிபோய் இன்னும் வருடம் திரும்பவில்லை, அக்கம்பக்கத்தில் ஒரு முகம் தெரியாது, மருமகன் பாலம் கட்டுகிற இடத்துக்குப் போனால் வாரக்கணக்கில் வீடு திரும்புவதில்லை. ஆகவே உங்கள் அக்கா போயே ஆக வேண்டும். உங்கள் அக்காவுக்கோ குளிர்காற்று பட்டால் நெஞ்சு விசிலடிக்கும். சிறு வயதிலேயே அப்படித்தான் என்று நீங்களே சொல்லியிருக்கிறீர்கள். நமக்கு இங்கே வெயில் மண்டையைப் பிளந்த மாதத்தில் மகள் போன் செய்து, “அம்மா, இங்க எலும்புக்குள்ள குளிருதும்மா” என்று பல்லைக் கடித்துக்கொண்டு பேசினாள். நமக்கு வெயில் கொளுத்தும்போதே அங்கே அப்படியென்றால், நமக்கே குளிர் அடிக்கும்போது அங்கே என்னவாகும்? யோசித்துப் பார்த்தேன், எனக்கே நடுங்கியது. நல்ல கனமான கம்பளிக் கோட்டு ஒன்று வாங்கிவிடுவது, மகளிடம் சொல்லாமல் அதைப் போட்டுக்கொண்டு போய் இறங்குவது என்று முடிவானது.

இதை நான் கடைவீதிக்குப் போய் சாயங்காலத்துக்குள் முடித்திருப்பேன். அன்றைக்குப் பார்த்து நீங்கள் சாப்பிட வந்தீர்கள். ஆன்லைனில் துணி விற்கிற கம்பெனியில் விலையை ஏற்றி இறக்குகிற பிரிவில் உட்கார்ந்திருப்பவர் என்பதால் நான் வாயைப் பிளந்துகொண்டு கேட்டேன். “அத்தான், குளிர்ல கம்பளி வாங்குறவன் தாகம் எடுத்தப்புறம் கிணறு வெட்டுறவன். வெயில் காலத்துல கம்பளி, குளிர் காலத்துல பருத்தி, மழை நின்னப்புறம் குடை. யாருக்கும் வேண்டாதப்ப வாங்கணும். நிதானமா கப்பல்ல வரவிடணும்” என்றீர்கள். வேதவாக்காக இருந்தது. உங்கள் அக்கா மட்டும், “இவன் சின்ன வயசுல பரீட்சைக்கும் இப்படித்தான் படிப்பான், பரீட்சை முடிஞ்சப்புறம்” என்றாள். தம்பியின் மேல் பொறாமை என்று நினைத்துக்கொண்டேன்.

கோட்டு வந்தது. நல்ல வெயில் நாளில் வந்தது. வீட்டில் இருந்த மின்விசிறிகளையெல்லாம் முன்னறையில் கொண்டுவந்து வைத்து, ஜன்னல்களைத் திறந்து, உங்கள் அக்காவுக்கு அதைப் போட்டுப் பார்த்தோம். ஒரு கை போனது. இன்னொரு கை முழங்கைவரை போய் நின்றுவிட்டது. உள்ளேயும் போகவில்லை, வெளியேயும் வரவில்லை. வியர்வையில் எல்லாம் ஒட்டிக்கொண்டது. நான் பின்னாலிருந்து காலரைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்த நேரத்தில் மின்சார மீட்டர் பார்க்க வந்தவர் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே நுழைந்துவிட்டார். அந்த வெயிலில் கம்பளிக் கோட்டுக்குள் பாதி நுழைந்த பெண்மணியையும் அவள் கழுத்தருகே என் கையையும் பார்த்தார். “சார், நான் அப்புறம் வரட்டுமா, இல்ல யாரையாவது கூப்பிடட்டுமா?” என்றார். அன்றிலிருந்து அவர் மீட்டரை ரோட்டில் நின்றபடியே பார்க்கிறார்.

உடனே உங்களுக்குத்தான் போன் செய்தேன். அளவு சிறியது போலிருக்கிறதே, திருப்பி அனுப்பிவிடட்டுமா என்று கேட்டேன். என்ன சொன்னீர்கள்? “வெயில்ல உடம்பு உப்பும் அத்தான். குளிர்ல வத்திடும். அப்ப தச்சு வச்ச மாதிரி உக்காரும்.” படித்தவர் சொன்னால் பொய்யாக இருக்குமா? மடித்துப் பையில் போட்டு அலமாரிக்கு மேலே வைத்தேன். குளிர் வந்ததும் எடுத்தேன். உங்கள் அக்கா வற்றவில்லை. பொத்தானைப் போட்டால் மூச்சு விட முடியவில்லை, மூச்சு விட்டால் பொத்தான் தெறிக்கிறது. நெஞ்சைக் காப்பாற்ற வாங்கிய கோட்டு நெஞ்சையே நெரிக்கிறது. கம்பெனிக்குப் போன் போட்டேன். ஒரு பெண் தேனொழுகப் பேசியது.

“திருப்பி அனுப்புற காலம் முடிஞ்சிருச்சுங்க ஐயா.”

“எப்பம்மா முடிஞ்சது?”

“வெயில் காலத்துலயே முடிஞ்சிருச்சு. அப்பவே போட்டுப் பார்த்திருக்கலாமே ஐயா?”

“பார்த்தோம்மா. மாட்டிக்கிச்சு.”

“எது ஐயா?”

“என் சம்சாரம்.”

அதற்கு அவர்கள் விதிகளில் ஒன்றும் சொல்லப்படவில்லையாம். வேறு ஏதாவது உதவி வேண்டுமா என்று கேட்டது. இதுவரை செய்ததே போதும் தாயே என்று வைத்துவிட்டேன்.

சரி, போனது போகட்டும், கடைவீதியில் ஒன்று வாங்கிவிடலாம் என்று செருப்பை மாட்டினேன். அந்த நேரம் பார்த்து நீங்களே போன் செய்தீர்கள். மனிதனுக்குக் கெட்ட நேரம் வந்தால் மீட்டிங் எல்லாம் ரத்தாகிவிடும் போலிருக்கிறது. “அய்யோ அத்தான், இது சீசன்! இப்ப வாங்கினா எரியுற வீட்டுல அவங்க பிடுங்குவாங்க. கொஞ்சம் பொறுங்க, விலை தடால்னு விழும்.” பொறுத்தேன். விலை விழுந்தது. அதோடு உங்கள் அக்காவின் அளவும் விழுந்துவிட்டது. இருந்தவை இரண்டே வகை. ஒன்று குழந்தைக்கு, இன்னொன்று மல்யுத்த வீரனுக்கு. மல்யுத்த வீரனுடையதை ஆர்டர் செய்தேன். “வேகமா வரணும்னு தனியா காசு கட்டாதீங்க, அது ஏமாளிங்களுக்கு” என்றீர்கள். கட்டவில்லை. ஏமாளி இல்லை என்று நிரூபித்தேன்.

நான் ஆயுள் முழுக்க ரயில்வே பார்சல் ஆபீசில் இருந்தவன். என் காலத்தில் பார்சலுக்கு இரண்டே நிலை, வந்தது, வரவில்லை. இப்போது ‘புறப்பட ஆயத்தமாகிறது’ என்கிறான். மணப்பெண்ணா அது? அப்புறம் ‘உங்கள் ஊரை நெருங்கிவிட்டது’ என்றான். வாசலில் போய் நின்றேன். மறுநாள் பார்த்தால் நமக்கு அடுத்த ஊரையும் தாண்டிப் போய்க்கொண்டிருக்கிறது. கேட்டால் பண்டிகை நெரிசல் மாதிரி சீசன் நெரிசலாம், லாரி சுற்றிக்கொண்டுதான் வருமாம். அந்தக் கோட்டு இதற்குள் உலகத்தைப் பார்த்திருக்கும் அளவுக்கு நான் பார்த்ததில்லை. வர்ற வாரம் விமானம். புள்ள வயித்துல இருக்கிற குழந்தை தள்ளுபடிக்குக் காத்திருக்குமா? நீ சொல்லுடா, காத்திருக்குமா? நேத்து உன் அக்கா பெட்டியைத் திறந்து வச்சுக்கிட்டு உக்காந்திருந்தா. நான் பக்கத்துல போய், “கோட்டு வரலைன்னா பயணத்தைக் கொஞ்சம் தள்ளிப் போடலாமா?” என்றேன். நிமிர்ந்துகூடப் பார்க்கல. “கோட்டு வந்தாலும் போவேன், வரலைன்னாலும் போவேன். நெஞ்சு அடைச்சாலும் எம்பொண்ணு பக்கத்துல இருந்து அடைக்கட்டும். வந்துச்சுன்னா திரும்பி வர்றதைப் பத்தி யோசிக்கிறேன்” என்றாள். இவ்வளவு வருஷமா அவகிட்ட நான் வாங்காத பேச்சை உன்னால வாங்கினேன்டா. சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தவன் நீ. உன் கம்பெனியில உன்னை விலையை இறக்கத்தான் வச்சிருக்காங்கன்னு நினைச்சேன், மானத்தை இறக்கவும் வச்சிருக்காங்க போல.

ஆகையால் தெளிவாக எழுதிவிடுகிறேன். இனி உன் வீட்டு வாசற்படியை நான் மிதிக்க மாட்டேன். நீயும் என் வீட்டுக்குச் சாப்பிட வர வேண்டாம். வந்தே தீர வேண்டுமென்றால், எங்களுக்குப் பசியில்லாத நேரத்தில் வா, உன் கொள்கைப்படி அப்போதுதான் சோறு மலிவு. துணி என்ற சொல்லை என் காதுபட உச்சரிக்காதே. உன் போன் நம்பரை அழித்துவிட்டேன். மனப்பாடமாக இருப்பதை என்ன செய்வது என்றுதான் தெரியவில்லை.

தங்கச்சிக்கு என் அன்பு. பிள்ளைகள் இருவரும் நன்றாகப் படித்து, நீண்ட ஆயுளோடு, அம்மாவைப் போல இருக்க ஆசீர்வதிக்கிறேன்.

இப்படிக்கு,
மிகுந்த மரியாதையுடன்,
உன் அத்தான்

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகும் நேரத்தில் மகள் போன் செய்தாள். உங்கள் அக்கா அழுகையோடு கோட்டுக் கதையைக் கொட்டிவிட்டாள். மகளோ, “கோட்டா? அம்மா, இங்க தார் ரோடு உருகி செருப்புல ஒட்டுதும்மா. உங்களுக்கு வெயில்னா எங்களுக்குக் குளிர், உங்களுக்குக் குளிர்னா எங்களுக்கு வெயில். உலகம் உருண்டைன்னு அப்பாவுக்கு யாரும் சொல்லலையா?” என்றாள். மெல்லிசான பருத்தி உடைகளாகக் கொண்டுவரச் சொன்னாள், அவளுக்கும் சேர்த்து. உங்கள் அக்காவின் நெஞ்சு உடனே சரியாகிவிட்டது. சிரித்தாள். என்னைப் பார்த்தும் சிரித்தாள்.

ஆகவே மச்சான், இங்கே இப்போது குளிர் அல்லவா, பருத்தி யாருக்கும் வேண்டாத நேரம் அல்லவா, விலை தரைமட்டத்தில் கிடக்கும் அல்லவா? அக்காவின் சரியான அளவைப் பார்த்து நீங்களே ஆர்டர் போட்டுவிடுங்கள். தனியாகக் காசு கட்டி, வேகமாக வரும்படி. இது விவரமாகப் பேச வேண்டிய விஷயம் என்பதால் இந்தக் கடிதத்தை நானே சாயங்காலம் உங்கள் வீட்டுக்குக் கொண்டுவருகிறேன், இரவுச் சாப்பாடு அங்கேதான். நான் கிளம்பும்வரை பிரிக்க வேண்டாம். மேலே எழுதியதையெல்லாம் கிழித்துப் போடவும் வேண்டாம். சீசனுக்கு முன்பே வந்துவிட்ட கோபம் அது, பத்திரமாக மடித்து வையுங்கள். உங்களுக்கு அளவெடுத்துத் தைத்தது, என்றைக்கு எடுத்தாலும் பொருந்தும்.