ஏழு குப்பி உயிர்மருந்து

லெவல் ஏறுகிறவர்கள் என்று ஓர் இனம் உண்டு. நீங்கள் பார்த்திருப்பீர்கள். வாரம் முழுக்க நம்மைப் போலத்தான் இருப்பார்கள்; சளி பிடித்தால் தும்முவார்கள், செருப்பு அறுந்தால் தைத்துப் போட்டுக்கொள்வார்கள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நாலு பேராக மேசையைச் சுற்றி உட்கார்ந்து பகடையைக் கையில் எடுத்தால் ஆளே மாறிவிடுவார்கள். ஆளுக்கொரு கற்பனை வீரன். அவன் பலம், உயிர்ப்புள்ளி, கைவசமுள்ள சரக்கு எல்லாம் ஒரு தாளில் இருக்கும். ஒருவர் கதையை நடத்த, மற்றவர்கள் அதற்குள் சண்டை போட்டு, ஜெயித்து, லெவல் ஏற வேண்டும். ஆட்டம் அவ்வளவுதான்.

நம் மருந்துக்கடைக்காரர் இந்த இனத்தில் முதல் ரகம். ஒன்றாம் லெவலில் அவருடைய வீரன் ஒரு பெருச்சாளியை அடிக்கவே இருபது முகப் பகடையில் பதினொன்று விழ வேண்டியிருந்தது. ஆறு வருஷம் பாடுபட்டு, வாள் மாற்றி, கவசம் மாற்றி, ரப்பரால் அழித்து அழித்துத் தாள் நைந்து, பதினான்காம் லெவலுக்கு வந்து சேர்ந்தபோது எதிரே யானையை விழுங்கும் பூதம் நின்றது. அதை அடிக்கவும் பதினொன்று விழ வேண்டும். வீரன் வளர வளர, கதை நடத்தும் டீச்சர் எதிரியையும் வளர்த்துவிடுவார். இல்லாவிட்டால் ஆட்டத்தில் சுவை ஏது? அப்படியானால் இவர் எங்கேதான் ஏறினார்? அதை மட்டும் கேட்கக் கூடாது.

இந்த இனத்தின் இன்னொரு லட்சணம், எதையும் செலவழிக்காது. அவர் தாளின் அடியில் ஏழு குப்பி உயிர்மருந்து இருந்தது; குடித்தால் இழந்த உயிர்ப்புள்ளி திரும்பும். மூன்றாம் லெவலில் ஒரு குகையில் கிடைத்தவை. ஒன்றைக்கூடத் திறந்ததில்லை. இதைவிடப் பெரிய எதிரி வருவான், அப்போது வேண்டும் என்பார். கடையில் தினமும் தேதி முடிந்த மாத்திரைகளைப் பொறுக்கி எடுத்து வீசுகிற மனுஷன்.

மேசையில் அவருக்கு எதிரே உட்காருகிறவன் அவர் மனைவியின் தம்பி, லாரி ஓட்டுநர். பாதி ஞாயிறுகள் அவன் சாலையிலேயே கழிந்துவிடும். அதனால் அவனுடைய ஆள், ஒரு நோஞ்சான் குழலூதி, மூன்றாம் லெவலிலேயே நின்றுபோனான். அவனுக்கு அதில் வருத்தமே இல்லை. தூர தேசத்தில் வேலை கிடைத்து அவன் கிளம்புவதற்கு முந்தைய ஞாயிறு, கடைசியாக ஓர் ஆட்டம் போட்டார்கள். குழலூதி உயிரோடு மலையைக் கடந்துவிட்டால் அங்கேயே ஒரு சத்திரம் வைத்து உட்காரலாம், இவன் லீவில் வரும்போது கதையை அங்கிருந்து தொடரலாம் என்று டீச்சர் வாக்குக் கொடுத்திருந்தார்.

பூதத்தின் வால் பட்டுக் குழலூதி விழுந்தான். ஒரு குப்பி போதும், எழுந்துவிடுவான். எல்லாரும் மருந்துக்கடைக்காரரைப் பார்த்தார்கள். அவர் தாளைப் பார்த்தார்.

"ஒண்ணு குடுங்க சார். ஏழு இருக்கே," என்றார் டீச்சர்.

"இருக்கு டீச்சர், இல்லன்னு சொல்லல. அடுத்தது பதினஞ்சாச்சே, அங்க என்ன காத்திருக்கோ."

"விடுங்க டீச்சர்," என்றான் மைத்துனன். "கல்யாணத்துக்கு வந்த தட்டையே மாமா இன்னும் பெட்டியிலேருந்து எடுக்கல. எனக்காகவா இதத் திறக்கப் போறாரு?"

எல்லாரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். சிரித்து முடிப்பதற்குள் டீச்சரின் பகடை உருண்டு நின்றுவிட்டது; குழலூதியின் கதை முடிந்தது. மைத்துனன் தன் தாளை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, டீயை முழுசாகக் குடித்துவிட்டுப் போனான்.

அடுத்த ஞாயிறு, பதினைந்தாம் லெவல். எதிரே ஒரு காலி நாற்காலி. புது எதிரி ஒரே அடியில் அறுபது புள்ளியைப் பறித்தான். மருந்துக்கடைக்காரர் நிமிர்ந்து உட்கார்ந்து, ஆறு வருஷத்தில் முதல் தடவையாக, ஒரு குப்பியைத் திறப்பதாக அறிவித்தார். டீச்சர் விதிப்புத்தகத்தைப் புரட்டி, எட்டுப் புள்ளி ஏறும் என்றார்.

"எட்டுதானா?"

"மூணாம் லெவல் சரக்கு சார். மூணாம் லெவல் ஆளுக்கு அது முழு உசிரு. உங்களுக்குத் தொண்டை நனையக்கூடக் காணாது."

ஏழையும் குடித்தார். ஐம்பத்தாறு. ஓர் அடிக்கு நாலு குறைவு. குப்பிகள் இருந்த வரியை ரப்பரால் அழித்தார். தாள் அந்த இடத்தில் கிழிந்தது.

சிரிக்கிறீர்களா? தாராளமாகச் சிரியுங்கள். நான் அந்த இனம் இல்லை என்று மட்டும் அவசரப்பட்டுச் சொல்லிவிடாதீர்கள். உங்கள் அலமாரியின் மேல்தட்டிலும் நல்ல நாளுக்கென்று பிரிக்காமல் ஏதோ ஒன்று இருக்கிறது. பத்திரமாகவே இருக்கட்டும். யாருக்காக வைத்திருக்கிறீர்களோ அவர் இன்னும் மேசையில் இருக்கிறாரா என்று மட்டும் தலையை நிமிர்த்தி ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.