முட்டுக்கட்டையும் ஒரு பிக்கப் வண்டியும்

சக்கரம் வைத்த எதையும் நம்பாத மனிதர் காஞ்சிபுரத்தில் ஒருவர்தான் இருந்தார். தேர் ஓடும்போது சக்கரத்தில் முட்டுக்கட்டை செருகி நிறுத்துவது அவர் வேலை. அதனால் ஊருக்கு அவர் 'கட்டை'. மற்ற நாட்களிலும் தோளில் ஒரு கட்டை இருக்கும். கடலை வண்டி நின்றால் செருகுவார். டாக்டரின் கார் நின்றாலும் செருகுவார். அது தெரியாமல் டாக்டர் ஒருநாள் பானெட்டைத் திறந்துவைத்துக் கால்மணி நேரம் யோசித்தார்.

எழுபதுகளின் தொடக்கம். செங்கல்பட்டில் என் அக்காவின் கணவர் ஒரு பழைய பிக்கப்பில் காய்கறி ஏற்றிப் பிழைத்துக்கொண்டிருந்தார். அதை ஒருநாள் இரவல் வாங்கி வந்த நான், பிள்ளையார்பாளையத்தில் கியர் பாக்ஸை உடைத்துவிட்டேன். இனி அதை ட்ரெய்லரில் ஏற்றி, டிராக்டர் வைத்து இழுத்துப்போக வேண்டும். வழியில் கவிழ்ந்தால் அக்கா வீட்டில் அடுப்பு எரியாது.

ட்ரெய்லரின் பின்னால் இரண்டு பலகைகளைச் சரித்து வைத்து, பிக்கப்பின் முன்பக்கம் நீளமான கயிறு கட்டினோம். கட்டை வந்துவிட்டார். முதலில் ட்ரெய்லரின் எல்லாச் சக்கரங்களுக்கும் முட்டுக் கொடுத்தார்.

"பலகை ஒடிஞ்சா?"

"ஒடியாதுப்பா" என்றார் டிராக்டர்காரர்.

"கயிறு அறுந்தா?"

"அறுவாது."

"அறுவ மாட்டேன்னு கயிறு உன்னாண்ட சொல்லிச்சா?"

பிக்கப்பில் ஸ்டீரிங்கைப் பிடித்து உட்கார்ந்திருந்த நான் தலையை நீட்டிக் கயிற்றைப் பார்த்தேன்.

தறியை விட்டு இருபது பேர் இறங்கி வந்து, டிராக்டருக்கு இருபுறமும் கயிற்றைப் பிடித்தார்கள். இவர்கள் இழுத்த வைகாசித் தேர் முடிந்து பத்து நாள்கூட ஆகவில்லை. "மெதுவா இழுங்கப்பா" என்று கட்டை ட்ரெய்லர் மேல் நின்று கெஞ்சினார். முன்சக்கரம் பலகையில் ஏறியது. யாரோ பழக்கதோஷத்தில் "கோவிந்தா!" என்றார்.

அவ்வளவுதான். இருபது பேரும் ஒரே இழுப்பு. தேர் இழுப்பவருக்கு இழுக்க மட்டுமே தெரியும். நிறுத்துவது வேறொருவர் கவலை. பிக்கப் பாய்ந்து ஏறியது. டிராக்டர்காரர் சீட்டிலிருந்து குதித்தார். நான் பிரேக் என்று நினைத்துக் கிளட்சை மிதித்தேன்.

'டொக்'கென்று ஒரு சத்தம். வண்டி நின்றது. ட்ரெய்லரின் முன்விளிம்புக்கு ஒரு சாண் பாக்கி. சக்கரத்தின் அடியில் முட்டுக்கட்டை; பக்கத்தில் மண்டியிட்டபடி அவர்.

"யோவ், சாமியே இவ்ளோ வேகமா வராதுய்யா!"

அதோடு விட்டாரா? "முன்னால கனம் ஏறினா டிராக்டர் மூக்கைத் தூக்கிக்கும். பின்னால ஏறினா ட்ரெய்லர் வாலாட்டும்" என்று இரண்டடி பின்னுக்குத் தள்ள வைத்தார். நான்கு மூலையிலும் சங்கிலியைக் குறுக்காகப் போட்டு இறுக்கினார். ஹேண்ட் பிரேக்கை மூன்று முறை இழுத்துப் பார்த்தார்.

புறப்பட்டோம். கட்டையைத் தோளில் வைத்துக்கொண்டு அவர் சக்கரத்தோடு நடந்து வந்தார்.

"ஏறிக்கோயேன், நைனா" என்றார் டிராக்டர்காரர்.

"நான் ஏறிட்டா கீழே யாரு பாத்துக்கினு வர்றது?"

ஊர் எல்லையில் நிறுத்தச் சொல்லி, தளர்ந்திருந்த ஒரு சங்கிலியை இறுக்கினார். "போங்க" என்றார். டிராக்டர் வேகம் பிடித்தது. திரும்பிப் பார்த்தேன். வெயிலில், சிறிதாகிக்கொண்டே, இன்னும் நடந்து வந்துகொண்டிருந்தார்.

நிறுத்தினால் மறுபடி முதல் சங்கிலியிலிருந்து ஆரம்பிப்பார் என்று தெரியும். ஆனாலும் நிறுத்தச் சொன்னேன்.