ஏழையாக மறுத்த அம்மா

யாழ்ப்பாணத்து அம்மாமாரிடம் எதை வேண்டுமானாலும் கேட்டு வாங்கலாம். "எங்களுக்கு வசதியில்லை" என்று எழுதித் தரும்படி மட்டும் கேட்கக் கூடாது. நான் கேட்டேன்.

அது ஊரில் சண்டை நின்றிருந்த சமாதான காலம். நோர்வேயில், எல்லிங்ஸ்ருட்டில் ஒரு சின்ன அறையில் இருந்துகொண்டு ஹோட்டலொன்றில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தேன். (வீட்டுக்குச் சொன்னது: ஹோட்டலில் வேலை. எந்தப் பகுதியில் என்று அவர்களும் கேட்கவில்லை.) அப்பா காலமான பிறகு ஊரில் அம்மாவும் தங்கச்சியும் என் சம்பளத்தில்தான் இருந்தார்கள். அதைக் காட்டினால் வரியில் கழிவு கிடைக்குமென்று கூட வேலைசெய்த மட்டக்களப்புச் சிநேகிதன் சொன்னான். விண்ணப்பித்தேன். பணம் அனுப்பிய பாங்குத் துண்டுகள் போதாது, ஊர் அதிகாரியின் அத்தாட்சியும் வேண்டும் என்றது வரிக் கந்தோர்.

அம்மாவுக்கு ரெலிபோன் எடுத்தேன்.

"அம்மா, மகன்ரை காசிலைதான் சீவிக்கிறம், வேறை வழியில்லை எண்டு விதானையாரிட்டை ஒரு கடிதம் எடுத்து அனுப்புங்கோ. உங்கடை படமும் கேக்கினம்."

"ஆர் கேக்கினம்?"

"நோர்வே அரசாங்கம்."

"ஓம் தம்பி, நான் வடிவாச் செய்விச்சு அனுப்புறன்."

அந்த 'வடிவா'விலேயே நான் உசாராகியிருக்க வேண்டும்.

கடிதம் கடைசித் தவணை நாளில்தான் வந்தது. பிரிக்க நேரமில்லாமல் கந்தோருக்கு ஓடினேன். கண்ணாடி போட்ட பெண் அதிகாரி என் முன்னாலேயே உறையை வெட்டினார். முதலில் விழுந்தது படம். பட்டுச்சேலையில் அம்மா. அட்டியலும் கை நிறையக் காப்புமாகத் தங்கச்சி. பக்கத்தில் ஒரு புது மோட்டார் சைக்கிள். பின்னால், குசினியிலிருந்து விறாந்தைக்கு இழுத்து வரப்பட்ட பிரிட்ஜ்.

"இவர்களையா நீங்கள் பராமரிக்கிறீர்கள்?"

கைவிலங்கு, திருப்பியனுப்பும் விமானம், கட்டுநாயக்கா எல்லாம் வரிசையாகக் கண்ணில் தெரிந்தன. "நகை இரவல்" என்றேன்.

"மோட்டார் சைக்கிள்?"

"பக்கத்து வீட்டுக்காரருடையது."

"பிரிட்ஜ்?"

"அதுவும் இரவல்!" (நான் அனுப்பிய காசில் வாங்கியது. பயத்தில் என் சொந்தப் பிரிட்ஜையே ஊருக்குத் தாரைவார்த்துவிட்டேன்.)

"அம்மா?"

"அவர் என்னுடையவர்" என்று சத்தியம் செய்பவன்போலக் கையைத் தூக்கினேன்.

அவர் சிரிக்கவில்லை. விதானையாரின் ஆங்கிலக் கடிதத்தை என் பக்கம் திருப்பினார். 'மிகக் கௌரவமான குடும்பம். எவரிடமும் கையேந்தாதவர்கள். யாதொரு குறையுமில்லை.' அம்மா சொல்லச் சொல்ல மனுசன் எழுதியிருக்கிறார்!

வசதியான குடும்பம், ஆகவே கழிவில்லை என்று பிறகு முத்திரையோடு பதில் வந்தது. ரெலிபோனில் கத்தினேன்.

"இப்பிடியோ எழுதிவிக்கிறது? வசதியான குடும்பமெண்டு எழுதிப்போட்டாங்கள். எல்லாம் போச்சு!"

"நாங்கள் பிச்சைக்காறர் எண்டு வெள்ளைக்காறனுக்குச் சொல்லவோ நீ அங்கை போனனி?" என்றார் அம்மா. "நீ பாக்கிறபடியாத்தான் எங்களுக்கு ஒரு குறையுமில்லை. அதை இல்லையெண்டு என்ரை வாயாலை சொல்லவோ?"

அன்றைக்கு வேலைக்குப் போனபோது, கோப்பை கழுவுகிறவன்போல அல்ல, அந்த ஹோட்டலை வாங்க வந்தவன்போலப் போனேன்.

"அந்த நோர்வேக் கடிதத்தை இஞ்சை அனுப்பு" என்று அம்மா கேட்டிருந்தார். அனுப்பினேன். தங்கச்சியைப் பெண் பார்க்க வந்தவர்களிடம் முதலில் அதைத்தான் நீட்டினாராம். "நோர்வே அரசாங்கமே விசாரிச்சு எழுதித் தந்திருக்கு." அங்கே ஒருவருக்கும் நோர்வே மொழி தெரியாது. ஆனால் முத்திரை எல்லோருக்கும் தெரிந்தது.

சம்பந்தம் சரிவந்தது. கலியாணக் கதை எங்கே எழும்பினாலும் தங்கச்சியின் மனுசன் இன்றைக்கும் நெஞ்சை நிமிர்த்திச் சொல்லுவார்:

"மற்றவைக்குச் சாத்திரியார் பாத்துக் குடுத்த பொம்பிளை. எனக்கு வரிக் கந்தோர் பாத்துத் தந்தது!"