எலிக்கு அடுத்தபடி

செடியில் இன்றைக்கும் இலை குறைந்திருந்தது.

எலி டாக்டர் தொட்டியைச் சுற்றிச் சுற்றி வந்தான். எலி டாக்டர் என்பது அப்பா வைத்த பெயர். மாரடைப்பில் கெட்டுப்போன இதயத்தில் புது ரத்தக்குழாய்களை முளைக்க வைக்கும் பொருள் ஒன்றை அந்த இலையிலிருந்து பிரித்தெடுத்து, எலிகளுக்குக் கொடுத்துப் பார்ப்பதுதான் அவன் ஆராய்ச்சி. ஆய்வுக்கூடத்துக்கு வெள்ளையடிக்கிறார்கள் என்று ஒரு தொட்டியை வீட்டுக்குத் தூக்கி வந்திருந்தான். வீட்டிலோ, போன மாதம் மாரடைப்பு வந்து பிழைத்துத் திரும்பிய அப்பா.

"அப்பா, இலையைத் தின்னீங்களா?"

"நான் என்ன ஆடா?" என்றபடி நிலைவாசலுக்குத் தலை குனிந்து அப்பா வெளியே வந்தார். அவ்வளவு உயரம். காலமெல்லாம் பஸ் ஓட்டியவர், பேச்சும் ஹாரன் மாதிரிதான்.

"விளையாடாதீங்க. ரத்தம் உறையாம இருக்க மாத்திரை போடுறீங்க. அதோட இது சேர்ந்தா என்ன ஆகும்னு யாருக்கும் தெரியாது. முதல்ல எலி. அப்புறம் நோய் இல்லாத மனுஷங்க. அதுக்கும் அப்புறம்தான் உங்களை மாதிரி ஆளு. எத்தனை தடவை சொல்றது?"

"எலி பிழைச்சுதா?"

"ஜம்முனு ஓடுது."

"குடுத்து வெச்ச எலி," என்று அப்பா பெருமூச்சு விட்டார். சமையலறையில் அம்மா பாத்திரம் துலக்கும் சத்தம் சற்று நின்று, பிறகு தொடர்ந்தது.

அன்றே தொட்டியை அலமாரி உச்சியில் ஏற்றினான். மறுநாள் இலையும் குறைந்திருந்தது. அலமாரியடியில் ஒரு முக்காலியும் முளைத்திருந்தது. மாடிப்படியே ஏறக்கூடாத மனிதர் முக்காலி ஏறுகிறார்!

மிரட்டிப் பார்த்தான். சாப்பிடும்போது பொதுவாகச் சொல்வதுபோல, "அந்த இலையைத் தின்ன எலிக்கெல்லாம் முடி கொட்டுதாம்" என்றான்.

அப்பா வழுக்கையைத் தடவிக்கொண்டார். "கொட்டட்டும். எனக்கென்ன போச்சு?"

அம்மா பாதிச் சாப்பாட்டில் எழுந்தாள். கையைக் கழுவிக்கொண்டு போய் ஜன்னலோரம் நின்று சீப்பை வெளிச்சத்தில் தூக்கித் தூக்கிப் பார்த்தாள்.

கடைசியில் அவளையே காவலுக்கு வைத்தான்.

"அம்மா, உன்னைத்தான் நம்பியிருக்கேன்."

"அவரை அண்டவே விடமாட்டேன். நீ நிம்மதியா போ."

சாயங்காலம் வந்து பார்த்தால், தொட்டியில் வெறும் குச்சி நின்றது.

அப்படியே அப்பாவை ஆட்டோவில் அள்ளிப் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் பறந்தான். மாத்திரைப் பையை அணைத்துக்கொண்டு அம்மாவும் ஏறினாள். ரத்தம் எடுத்தார்கள், நெஞ்சில் வயர் ஒட்டினார்கள். இதய டாக்டர் எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, "நல்லாத்தானே இருக்கார். எதுக்கு இந்த ஆர்ப்பாட்டம்?" என்றார்.

"ஒரு செடியையே மேய்ஞ்சிருக்கார், டாக்டர்!"

"டேய், சத்தியமா நான் தொடலைடா!"

"பொய் சொல்லாதீங்கப்பா." அவன் குரல் உடைந்தது. "அன்னிக்கு உங்களைத் தூக்கிட்டு ஓடினது இன்னும் கனவுல வருது. இன்னொரு தடவைன்னா என்னால முடியாது."

ஹாரன் அடங்கிவிட்டது. அப்பா மெல்ல அவன் கையைப் பிடித்துக்கொண்டார்.

மூலையிலிருந்து அம்மா எழுந்தாள்.

"அவரை ஏண்டா திட்டுறே? எலிக்கு அப்புறம் நோய் இல்லாத மனுஷங்கன்னு நீதானே சொன்னே. நம்ம வீட்டுல அது நான்தானே, முழுச் செடியும் தின்னு பார்த்துட்டேன், ஒரு முடிகூடக் கொட்டலை, தைரியமா அவருக்கு ஒரு தொட்டி கொண்டு வா."