ஜான்-தலோன் சந்தையின் மன்னிப்புப் போர்

வாழி, ஹூஸ்டன் மாநகர்க் கோமான்! வாழி, பன்னிரு தடப் பெருஞ்சாலையில் தன்னந்தனியனாய்த் தேர் செலுத்தும் பாலகிருஷ்ணன்! எண்ணெய்க் குழாய்களின் அழுத்தம் அறிந்த பொறியியல் வல்லோன், பனிக்கட்டி நிறைந்த குடம்போன்ற குவளையைக் கையினின்று இறக்காத தடந்தோளான், முன்பின் அறியாதாரையும் முகமலர்ந்து நலம் வினவி, பதில் வரும்வரை வழியை மறித்து நிற்கும் பெருங்குரலோன், அன்னான் ஒரு கோடை நண்பகலில் மாண்ட்ரியல் நகரத்து ஜான்-தலோன் சந்தையிலே ஒரு கூடை ஸ்ட்ராபெரிப் பழத்தின்பொருட்டுப் புரிந்த போரை உரைக்கப் புகுகின்றோம். சொல்லுக்கு அரசியே, எம் நாவில் எழுந்தருள்க. பழத்தின் நிறம் கூறுமிடத்தும் பகைவனின் தாடி கூறுமிடத்தும் எம்மைக் கைவிடாதிருக்க.

போர் மூண்ட காரணம் இது. பாலகிருஷ்ணனின் ஒரே மகள் அம்ருதாவுக்கு நவம்பர்த் திங்களில் ஹூஸ்டனில் திருமணம். அவனுடைய தமக்கை அனுசூயா, மாண்ட்ரியலின் மேற்கே டொலார்ட்-டெஸ்-ஓர்மோவில் வாழ்பவள். அவள் கணவர் ரத்தினசபாபதி, வெப்பவியல் போதித்து ஓய்வுபெற்ற பேராசிரியர், பேச்சிற் சிக்கனமும் பிடிவாதத்தில் தாராளமும் உடையவர். கனடாவுக்கும் அமெரிக்காவுக்கும் இடையே வரிப்பூசல் எழுந்த நாளில் அப்பெரியவர் சோற்றுத் தட்டின் முன் எழுந்து நின்று, "இனி அந்த எல்லையைத் தாண்ட மாட்டேன்" என்று சூளுரைத்தார். அன்றே புளோரிடா ஆரஞ்சுச் சாறு அவ்வீட்டினின்று நாடு கடத்தப்பட்டது. கலிபோர்னியத் திராட்சை பின்தொடர்ந்தது. கணவர் வராத கல்யாணத்துக்குத் தான் மட்டும் எப்படிப் போவது என்று அனுசூயா தொலைபேசியில் விசும்பினாள். தாய்மாமன் சீருக்கு நிகராக அத்தை சீர் ஒன்று உண்டென்றும், அது இல்லாமல் மேடையேற மாட்டேனென்றும் மணமகள் அறிவித்தாள். எனவே பாலகிருஷ்ணன் அழைப்பிதழும் கையுமாக விமானமேறி வந்தான்.

வந்தவன் காணிக்கையாகக் கொண்டுவந்தது கலிபோர்னிய பாதாம்பருப்பு. பேராசிரியர் அதை இரு கைகளாலும் வாங்கி, லேபிளைப் படித்து, காரேஜில் பனி அள்ளும் மண்வெட்டிக்குப் பின்னால் வைத்துவிட்டு வந்தார். அதன்பின் மைத்துனனிடம் "சாப்டியா" என்பதற்கு மேல் ஒரு சொல்லும் அவர் வாயினின்று உதிர்ந்திலது.

இது போதாதென்று, சென்-ரெஜி சாலை முருகன் கோயிலில் ஓர் இழிவு நேர்ந்தது. சந்நிதியில் நின்ற ஈழத்து முதியவர் ஒருவர் பாலகிருஷ்ணனைத் திரும்பிப் பார்த்து, "அமெரிக்காவோ, தம்பி?" என்றார்.

"எப்படித் தெரிஞ்சுது?"

"நீங்கள் வெளியில கார் நிப்பாட்டேக்க கதைச்சது இஞ்ச உள்ளுக்குக் கேட்டது."

அருகில் நின்ற பேராசிரியர் இரண்டடி விலகி நின்று, கண்களை மூடி, வழக்கத்தினும் நீண்ட நேரம் வழிபட்டார். அந்த இரண்டடி இடைவெளி பாலகிருஷ்ணன் நெஞ்சில் வேலெனத் தைத்தது. 'நான் இம்மண்ணை விட்டு நீங்கும்வரை எவனும் எவளும் என்னை அமெரிக்கன் என்று அறியார். அறிந்தால் என் பெயர் பாலகிருஷ்ணன் அன்று' என்று ஆறுமுகன் சாட்சியாக அவன் விரதம் பூண்டான்.

அவன் கவசம் பூண்ட வகை கேளீர். முழங்கால் காட்டும் அரைக்காற்சட்டையைக் களைந்தான். பனிபோல் வெளுத்த ஓட்டக் காலணியை ஒளித்தான். குடம்போன்ற குவளையைத் தமக்கையின் அடுக்களையில் சிறைவைத்தான். பழைய துறைமுகத்துக் கடையொன்றில் கனடாக் கொடியின் செக்கச்சிவந்த மேப்பிள் இலை பொறித்த தொப்பியொன்று வாங்கி முடியெனச் சூடினான். வணக்கம், நன்றி, மன்னிக்க எனப் பொருள்படும் போன்ழூர், மெர்சி, தெஸோலே என்னும் மூன்று பிரெஞ்சு அம்புகளைத் தூணியில் செருகினான். எல்லாவற்றுக்கும் மேலாக, கனடியர் தம் காலை மிதித்தவனிடமும் தாமே மன்னிப்புக் கேட்பர் என்று எங்கோ படித்திருந்தமையால், 'ஸாரி' என்னும் பேரம்பைக் கண்ணாடி முன் நின்று மெல்லிய குரலில் எய்து பழகினான். அனுசூயா அந்தத் தொப்பியை உற்று நோக்கினாள். ஆயினும் தம்பி முகத்தின் ஒளியைக் கெடுக்க மனமின்றி வாளாவிருந்தாள்.

சந்தையை நெருங்கியதும் அவள் காரின் வேகம் குறைத்துத் தூதுரைத்தாள்.

"பாலா, அத்தானுக்குக் கியூபெக் ஸ்ட்ராபெரின்னா உயிர். ஒரு கூடை வாங்கி நீயே அவர் கையில குடு. குடுத்துட்டுக் கல்யாணப் பேச்சை எடு. நான் பார்க்கிங் தேடிட்டு வர்றேன்."

"கவலைப்படாத அக்கா."

"கத்தாத. மெதுவாப் பேசு."

வெயில் தகித்தது. மிளகாய்க் குன்றுகளையும் சோளக்கதிர்ப் பாசறைகளையும் பூண்டு மாலைகள் தொங்கும் தோரண வாயில்களையும் கடந்து பாலகிருஷ்ணன் பழவீதி புகுந்தான். கடைக்குக் கடை ஸ்ட்ராபெரி தீர்ந்திருந்தது. வீதிக் கோடியில், செயின்ட்-மிஷேலிலிருந்து நாள்தோறும் பேருந்தில் வந்து விற்கும் கௌசலா என்னும் நங்கையின் கடையிலே, விளக்கு வரிசையில் அணையாது எஞ்சிய ஒற்றைச் சுடர்போல, ஒரேயொரு கூடை எஞ்சியிருந்தது. அந்தப் பழங்களின் செம்மையை மாலைவானுக்கு ஒப்பிடலாமெனின் மாலைவானில் விதையில்லை. பவளத்துக்கு ஒப்பிடலாமெனின் பவளத்தைக் கடித்தால் பல் போகும். ஆதலின் ஒப்பிடாது விடுத்தோம்.

பாலகிருஷ்ணன் கூடையின் கைப்பிடியைப் பற்றினான். அதே கணத்தில் மறுபுறமிருந்து இன்னொரு கை அதைப் பற்றியது.

அந்தக் கைக்கு உரியவன் மலையினும் நெடியன். வெண்தாடி மார்பளவு தவழ்ந்தது. முதுகிற் சுமந்த பையிலே மேப்பிள் இலை, சட்டைப் பொத்தானுக்கு அருகே மேப்பிள் இலை, காலுறையின் ஓரத்திலும் மேப்பிள் இலை. 'அந்தோ, கலப்பற்ற கனடியன்!' என்று பாலகிருஷ்ணன் உள்ளம் நடுங்கினான்.

"ஸாரி," என்றான் நெடியோன்.

"ஐயாம் ஸாரி," என்றான் பாலகிருஷ்ணன், இறகு விழும் ஓசையில்.

"நோ, நோ. பிழை என்னுடையது. நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள்."

"நீங்கள்தான் முதலில் கை வைத்தீர்கள்."

"ஸாரி, நீங்கள்தான்."

அறிவுடையோர் கூடையை எடுத்துக்கொண்டு போயிருப்பர். ஆனால் பாலகிருஷ்ணன் எண்ணினான்: கனடியன் ஒருவன் விட்டுக்கொடுக்க, அதை உடனே பெற்றுக்கொள்பவன் அமெரிக்கன் அல்லாமல் வேறு யாராக இருப்பான்? ஆகவே அவன் கூடையைத் தள்ளினான். நெடியோன் திருப்பித் தள்ளினான். ஆழித்தேர் இரண்டு குறுகிய தெருவில் எதிர்ப்பட்டு, ஒன்றுக்கொன்று வழிவிடும்பொருட்டே ஒன்றையொன்று மோதி நின்றாற்போலவும், இரு கொடைவள்ளல்கள் ஒரே இரவலனைப் பங்கிட முயன்று அவனை இரண்டாகக் கிழித்தாற்போலவும், ஸாரி எறிந்து ஸாரி தடுத்து, தலைவணங்க மேலும் தாழ வணங்கி, புன்னகைக்கப் பல்தெரியப் புன்னகைத்து, தாடி வியர்க்கத் தொப்பி நனைய, அவ்விருவரும் விட்டுக்கொடுத்துப் பொருதனர். கூடை மேசைமீது இப்புறமும் அப்புறமும் ஓடியது. பழமொன்று துள்ளி வீழ்ந்து வீரமரணம் எய்தியது. இருவரும் ஒருசேரக் குனிந்து அதனிடமும் ஸாரி என்றனர்.

பின்னால் வரிசை வளர்ந்தது. பிரெஞ்சில் முணுமுணுப்பு எழுந்தது. கௌசலா பிரெஞ்சில் ஏதோ கேட்டாள். "மெர்சி" என்று பாலகிருஷ்ணன் அம்பு எய்தான். அவள் மீண்டும் கேட்டாள், "போன்ழூர்" என்றான். தூணி காலியாகும் அச்சத்தில் அவன் உதடுகள் தாமாக "முருகா" என்றன.

அவள் முகம் மாறியது. "அண்ணை, தமிழோ? எடுக்கிறீங்களோ விடுறீங்களோ, ஒண்டைச் சொல்லுங்கோ. சனம் நிக்குது."

அவன் வாய் திறப்பதற்குள், நெடியோன் நெற்றி வியர்வையைப் புறங்கையால் வழித்துவிட்டு, மாற்றானோடு உறவு கொண்டாடும் பெருந்தன்மையோடு, "என்ன வெயில்! தொண்ணூறு டிகிரி இருக்கும்!" என்றான்.

"தொண்ணூற்றிரண்டு," என்றான் பாலகிருஷ்ணன்.

வரிசையில் நின்ற தலைகள் அனைத்தும் திரும்பின. அந்நாட்டில் சூடு அளக்கும் செல்சியஸ் கணக்கில் அன்று முப்பத்துமூன்று. தொண்ணூற்றிரண்டு எனின் வீதியிலுள்ள பழமெல்லாம் கூடையிலேயே ஜாமாகி, விற்போரும் வாங்குவோரும் ஆவியாகி, மிச்சம் தொப்பி ஒன்றே நின்றிருக்கும். பாரன்ஹீட் கணக்கில் வெயிலைப் பேசுவோர் அவ்வெல்லைக்குத் தெற்கேயன்றி வேறெங்குளர்? நெடியோன் பாலகிருஷ்ணனை நோக்கினான். பாலகிருஷ்ணன் நெடியோனை நோக்கினான். இருவர் கவசமும் ஒரே கணத்தில் கழன்று வீழ்ந்தன.

வரிசையின் தலையில் நின்ற மூதாட்டி, வைக்கோல் தொப்பியும் சக்கரப் பையும் உடையவள், "ஆ, அமெரிக்கர்கள்," என்று பிரெஞ்சில் சொன்னாள். பகையில்லை, பரிவுமில்லை, தான் காத்திருந்த பேருந்து இன்னதென்று எண் பார்த்துச் சொல்பவளின் குரல் அது. பின் கை நீட்டிக் கூடையை எடுத்து, காசு கொடுத்து, சக்கரப்பையை உருட்டிக்கொண்டு போனாள்.

"எந்த ஊர்?" என்றான் பாலகிருஷ்ணன்.

"டேட்டன், ஒஹாயோ. இங்கே எங்களைக் கண்டால் கோபப்படுவார்கள் என்று மனைவி இலைகளைத் தைத்துக் கொடுத்தாள்."

"ஹூஸ்டன்!" என்று முழங்கினான் பாலகிருஷ்ணன். அடக்கிவைத்த குரல் அணையுடைத்துப் பாய்ந்தது. நெடியோனும் இடியென நகைத்து அவன் தோளில் அறைந்தான். மூன்றாங் கடையிலிருந்த பூனை எழுந்து போனது.

கௌசலா மேசையைத் துடைத்தாள். "வரேக்கயே எனக்குத் தெரியும், அண்ணை. இஞ்சத்தை ஆக்கள் ஒருத்தரும் அந்தத் தொப்பி போடமாட்டினம்."

பாலகிருஷ்ணன் தொப்பியைக் கழற்றினான். "எங்களைப் பத்தி என்னதான் நினைக்கிறீங்க இங்க? உண்மையைச் சொல்லுங்க."

"சத்தம் கொஞ்சம் கூட. எல்லாத்துக்கும் ஐஸ் கேப்பினம். ஆனா எனக்குக் 'ஹவ் ஆர் யூ' எண்டு கேட்டுட்டு, நிண்டு பதிலைக் கேக்கிறதும் அவையள்தான். மற்ற ஆக்கள் கேட்டுக்கொண்டே போயிடுவினம்." பிறகு, "பிளூபெரி கிடக்கு, வேணுமோ?" என்றாள்.

வேண்டியிருக்கவில்லை. வென்றாரும் தோற்றாரும் இல்லாத களத்தினின்று, வெறுங்கையும் வெறுந்தலையுமாக, தமக்கையின் காரில் ஏறி அவன் மீண்டான். வழிநெடுக அவன் சன்னலை விட்டு முகம் திருப்பவில்லை. மகளிடம் என்ன சொல்வது என்பதே அவன் நெஞ்சை அறுத்தது.

கூடத்தில் பேராசிரியர் நாளேட்டுக்குப் பின்னால் கோட்டை கட்டி வீற்றிருந்தார். பாலகிருஷ்ணன் அவர்முன் போய் நின்றான். இனிக் காக்க மானமும் இல்லை, காட்டப் பழமும் இல்லை. ஆகவே தன் சொந்தக் குரலில், டெக்சஸ் அளவு உரத்த குரலில், தொப்பி முதல் தாடி ஈறாக யாதொன்றும் மறையாது நடந்ததை நடந்தபடி உரைத்தான். தொண்ணூற்றிரண்டு என்ற இடம் வந்ததும் நாளேடு நடுங்கலாயிற்று. பின்னர் மடிந்தது. ஆயுள் முழுதும் வெப்பத்தை மாணாக்கருக்குப் போதித்து ஒருநாளும் வகுப்பில் நகையாத அப்பெரியவர், மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, கண்களைத் துடைத்து, நாற்காலியின் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு, மூச்சு முட்ட நகைத்தார்.

"அந்தச் சூட்டுல நீ முழுசா வந்து சேர்ந்ததே பெரிசுடா," என்றார், பேச்சு வந்தபின். "உக்காரு. அங்க எல்லாருமே இலை தெச்சுக்கிட்டுத்தான் கிளம்புறாங்களா?"

"பாதிப் பேர் இருக்கும், அத்தான். பயந்துக்கிட்டே வர்றோம்."

பேராசிரியர் மூக்குக்கண்ணாடியை மீண்டும் அணிந்து அவனை நோக்கினார். அடுக்களை வாயிலில் அனுசூயா கரண்டியோடு உறைந்து நின்றாள்.

"நவம்பர்ல உங்க ஊர்ல எவ்வளவு இருக்கும்?"

"எழுபது, அத்தான்."

"மனுஷன் புரிஞ்சுக்கற மாதிரி சொல்லு."

"இருபத்தொண்ணு."

இமயம் இடம் பெயர்வதுபோலவும், உறைந்த சென் லாரன்ஸ் பேராறு சித்திரை வெயிலில் முதல் விரிசல் காண்பதுபோலவும், ஆழ்கடல் தன் கரையைத் தானே தாண்டத் துணிவதுபோலவும், சூளுரைத்த பெருமகன் சூளினும் பெரிய ஒன்றைக் கருதி மெல்ல எழுந்து, மேசையருகே நடந்து, அண்டமெல்லாம் மூச்சடக்கிக் காத்திருக்க, கணினியைத் திறந்து தம் வலக்கரம் நீட்டினார்.

ரெண்டு டிக்கெட் போட்டார்.